ஆறு மணிக்குச் சூடு கேட்டவர்

ஆஸ்திரியாவில் ஸ்டைரியா பக்கம் ஒரு கிராமம். 2018 ஜனவரி, காலை ஆறரை மணி. வீட்டுக்காரர் குளியலறையில் கம்பளிக் குல்லாயோடு பல் தேய்த்துக்கொண்டிருந்தார். நிலவறையில் நிற்கும் புது பெல்லட் பாய்லரின் டைமரில் ‘காலை 6’ என்று முந்தின நாள் அவர் கையாலேயே பதித்திருந்தார். ரேடியேட்டரைத் தொட்டால் ஐஸ். ஏழேகாலுக்கு அவர் காரில் ஏறும்போதுதான் வீடு கதகதப்பானது. பூனை அனுபவித்தது.

பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த, 6 மில்லிமீட்டர் கனமுள்ள குச்சி. பார்த்தால் மாட்டுத் தீவனம் மாதிரி இருக்கும். இரண்டு கிலோ எரித்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெயின் சூடு கிடைக்கும். பட்டனும் திரையும் இருப்பதால் மின்சார ஹீட்டர் என்று நினைக்கத் தோன்றும். உள்ளே நடப்பதோ சாட்சாத் விறகடுப்பு வேலை. திருகுதண்டு ஒரு கை பெல்லட்டைத் தள்ளும். பற்றவைக்கும் கம்பி பழுக்கும். புகையும், விசிறி ஊதும், தீ பிடித்ததா இல்லையா என்று இயந்திரம் கொஞ்ச நேரம் சந்தேகப்படும். பிடித்த பிறகும் பாய்லர் நன்றாகச் சுடும்வரை பம்பு ரேடியேட்டர்களுக்குத் தண்ணீர் அனுப்பாது. ஆறிய தண்ணீர் சீக்கிரம் திரும்பி வந்தால் புகையின் ஈரம் உள்சுவரில் படிந்து இரும்பை அரித்துவிடும். ஆக, டைமரில் ஆறு என்றால் ஆறுக்கு அடுப்பு மூட்டு என்று அர்த்தம். ஆறுக்கு இலை போடு என்று அல்ல.

நேரத்தை ஐந்தாக்கினார். சரியானது. அதோடு விட்டிருக்கலாம்.

சிக்கன புத்தி வந்தது. ஒரு நாளை அரை அரை மணியாக நறுக்கி ஏழு தடவை ஓட விட்டார். பாய்லர் மூச்சைப் பிடித்து எரியத் தொடங்கும்போதே அணையச் சொல்லி உத்தரவு வரும். சாம்பல் பெட்டி சீக்கிரம் நிரம்பியது, பிப்ரவரியில் பற்றவைக்கும் கம்பியே உயிரை விட்டது. வந்த மெக்கானிக் டைமரைப் பார்த்துவிட்டு, “இது என்ன, மாடிப்படி விளக்கா?” என்று மட்டும் கேட்டார். பில்லில் அந்தக் கேள்விக்கும் சேர்த்துப் போட்டிருந்தார் போலும்.

அடுத்தது கிழமைக் குழப்பம். திரையில் 1 முதல் 7 வரை எண்கள்தான். 1 என்றால் ஞாயிறு என்று முடிவு கட்டி, விடுமுறைக்கான ‘காலை 8’ஐ 7க்கும் 1க்கும் கொடுத்தார். அந்த ஊர்க் கணக்கில் 1 திங்கள். சனிக்கிழமை எல்லோரும் போர்வைக்குள் குறட்டை விடும்போது வீட்டில் ஐந்து மணிக்கே அனல் பறந்தது. திங்கட்கிழமை பல் கிட்டியது. கிழமையைத் திருத்தினார்.

மார்ச் மாதம் பழி போட ஓர் ஆள் கிடைத்தது. கொசோவோவுக்கும் செர்பியாவுக்கும் நடந்த தகராறில் 11.3 கோடி யூனிட் மின்சாரம் குறைந்து, ஐரோப்பிய மின்கட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸுக்குச் சற்றே கீழே இறங்கியிருந்தது. அந்தத் துடிப்பை எண்ணி ஓடும் கடிகாரங்கள் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கத்துக்குள் ஆறு நிமிடம்வரை பின்தங்கின. ரேடியோ அலாரம், ஓவன் கடிகாரம், ஹீட்டிங் டைமர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மார்ச் 26, திங்கட்கிழமை. வீடு மறுபடி ஐஸ். “செர்பியாக்காரன் வேலை!” என்றார் வீட்டுக்காரர்.

“எத்தனை நிமிஷம் லேட்டு?” என்றாள் மனைவி.

“அறுபது.”

முந்தின நாள்தான் கோடை நேரம் தொடங்கியிருந்தது. கூடத்துத் தெர்மோஸ்டாட் தானாகவே ஒரு மணி முன்னால் போய்விட்டது. பாய்லர் கடிகாரம் பழைய நேரத்திலேயே நின்றது. அதற்கு மின்கட்டத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, குவார்ட்ஸில் ஓடுவது. இரண்டும் சேர்ந்து ‘சரி’ என்றால்தான் தீ.

இரண்டையும் ஒன்றாக்கினார், ஏழு துண்டை இரண்டாக்கினார். மறுநாள் பாய்லரின் சாமர்த்தியத்தை நேரில் பார்க்கவே ஐந்து மணிக்கு நிலவறைக்கு இறங்கினார். டிக்கென்று சத்தம். திருகுதண்டு சுற்றியது, கம்பி பழுத்தது, விசிறி ஊதியது. சற்று நேரத்தில் திரையில் சிவப்பு எழுத்து: தீ இல்லை. கிடங்கின் மூடியைத் தூக்கி டார்ச் அடித்தார். அடியில் ஒரு பிடி மரத்தூள். மேலே படுக்கையறையிலிருந்து குரல் வந்தது: “சூடு வருதா?”

அவர் 15 கிலோ மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும் வியர்த்தது.