மிச்சக் காசு எங்க போச்சு மாப்ளே?

என்ன மாப்ளே, ரெண்டு நாளா நடையே ஒரு தினுசா இருக்கு? 43 இஞ்சு 4கே ஸ்மார்ட் டிவிய 17,000 ரூவாய்க்குப் புடிச்சுட்டேன்னு டீக்கடையில சொன்னியாம். அதே 43 இஞ்ச ஒன் சித்தப்பன் பெரிய கம்பெனிக்காரன்கிட்ட 35,000 குடுத்து எடுத்தான், அவன் ஏமாளி, நான் வெவரக்காரன்னு பெஞ்சு மேல ஏறாத கொறையாப் பேசுனியாம். நல்லா இரு. ஒன் வெவரத்துல எனக்கும் பங்கு உண்டு, தாய்மாமன்ல. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போ. நடுவுல உள்ள 18,000 ரூவாய யாரு விட்டுக்குடுத்தா? ஒன் மொகராசியப் பாத்து மயங்கி டிவிக் கம்பெனிக்காரன் தள்ளுபடி பண்ணிட்டானா?

வரின்னு மட்டும் சொல்லிறாத. 2025 செப்டம்பர் 22-லருந்து 32 இஞ்சுக்கு மேல உள்ள டிவிக்கு ஜிஎஸ்டிய 28-லருந்து 18 சதவீதமாக் கொறச்சாங்க. அது ஒனக்கும் ஒண்ணுதான், ஒன் சித்தப்பனுக்கும் ஒண்ணுதான். கப்பல்ல வந்த சரக்குன்னும் சொல்லாத. முழு டிவியா எறக்குனா 20 சதவீதம் சுங்கவரி கட்டணும். அதனால சின்னக் கம்பெனிக்காரனும் பெரிய கம்பெனிக்காரனும் பெரும்பாலும் கண்ணாடிய வெளியில வாங்கியாந்து இங்கதான் பொருத்துறான்.

அந்தக் கண்ணாடி இருக்கே, அதுதான் டிவிக்குள்ள பெரிய செலவு. பேனலுங்கிறாங்க. அதுல ஒரு வேடிக்கையச் சொல்றேன். சாம்சங்காரன் எல்சிடி பேனல் செய்யறதையே 2022-ல விட்டுட்டான். எல்ஜிக்காரன் சீனாவுல குவாங்சோவுல வச்சிருந்த எல்சிடி ஆலைய 2024-ல டிசிஎல் ஆளுங்களுக்கு விக்கப் பேசி முடிச்சுட்டான். இன்னிக்கு எல்சிடி டிவி பேனல்ல பெரும்பங்கு பிஓஇ, சிஎஸ்ஓடி, ஹெச்கேசின்னு சீனாக்காரன் கையில. சோனின்னு எழுதி ஒசத்தியா விக்கிற ஓஎல்இடி டிவியில உள்ள பேனலும் சோனி செஞ்சதில்ல. எல்ஜிகிட்டயும் சாம்சங்கிட்டயும் வாங்குனது. இதக் கேட்டதும் ஒனக்குச் சிரிப்பு வருது பாரு! "அப்பறம் என்ன மாமா, எல்லாம் ஒரே சரக்குதானே?"ங்கிற. கொஞ்சம் பொறு, அவசரக்காரா. கண்ணாடி ஒரே ஊர்லருந்து வரலாம். அதுக்குப் பின்னாடி என்ன வைக்கிறான்கிறதுலதான் கத இருக்கு.

எல்சிடி பேனலுக்குச் சொந்தமா வெளிச்சம் கெடையாது. பின்னாடி எல்இடி பல்ப வரிசையா ஒட்டுன பட்டி இருக்கும். அதுலருந்து வர்ற வெளிச்சந்தான் படமாத் தெரியுது. சிக்கனம் புடிக்கிறவன் மொதல்ல கை வைக்கிற எடம் இதுதான். பல்ப கம்மியா வச்சு, ஒவ்வொண்ணு மேலயும் ஒரு லென்ஸ மாட்டி வெளிச்சத்தப் பரப்புவான். கம்மிப் பல்பு நெறைய வெளிச்சம் தரணும்னா கரண்ட்ட ஏத்தித்தான் ஆவணும். ஏத்துனா சூடு. சூடு தங்குனா பல்பு போவும். டவுன்ல டிவி மெக்கானிக் கடையில நான் பொழுதப் போக்குறேன்னு ஒங்க அக்கா திட்டுவால்ல, அங்க வந்து பாரு. "அண்ணே, சத்தம் வருது, படம் இருட்டாக் கெடக்கு"ன்னு தூக்கிட்டு வர்றாங்க. டார்ச் லைட்ட திரையில அடிச்சுப் பாத்தா உள்ள படம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். அந்தப் பல்புப் பட்டி, அதான் ஸ்ட்ரிப்பு, அவுட்டு. மாத்திரலாம், பெரிய செலவில்ல. பேனலே ஒடஞ்சாத்தான் மெக்கானிக் கைய விரிப்பான். அந்தக் காசுக்குப் புது டிவியே வாங்கிரலாம்.

வெல ஒசந்ததுல என்ன பண்ணுறான்? பின்னாடி முழுக்கப் பல்ப நெறச்சு, பகுதி பகுதியாப் பிரிச்சு, இருட்டான எடத்துல அணைச்சு வெளிச்சமான எடத்துல ஏத்துறான். அதனாலதான் அதுல ராத்திரிக் காட்சி ராத்திரியாத் தெரியும். ஒன்னோடதுல ராத்திரிக் காட்சி சாம்பல் பூத்துத் தெரியும். பேய்ப் படத்துல பேய் வந்ததே தெரியாது. பயமில்லாமப் பாக்கலாம், அதுவும் ஒரு லாபந்தான்னு வச்சுக்க.

அட்டப்பெட்டி மேல ஹெச்டிஆர்னு போட்டிருக்கேங்கிறியா? போட்டிருக்கான், இல்லேங்கல. அந்த சிக்னல் வந்தா டிவி புரிஞ்சுக்கிடும், அம்புட்டுதான் அதுக்கு அர்த்தம். அத ஒழுங்காக் காட்டுறதுக்குத் தெம்பு வேணும்ல. சல்லிசான டிவிக்கு 250, 300 நிட்ஸ் வெளிச்சம் வந்தாப் பெருசு. ஒசந்தது 1,000-த்தத் தாண்டிப் போவுது. 4கேன்னா 83 லட்சம் புள்ளி உண்டு, அதுல பொய் இல்ல. ஆனா நீ கேபிள்ல பாக்குற சீரியல் அம்புட்டுப் புள்ளியோட வர்றதில்ல. இருக்கிற புள்ளிய வச்சு மிச்சத்த ஊகிச்சு நெரப்புற வேல டிவிக்குள்ள இருக்கிற சிப்போடது. நல்ல சிப்பு இருந்தா மூஞ்சி மூஞ்சியாத் தெரியும். மட்டமா இருந்தா கதாநாயகிக்கு மெழுகு பூசுன மாதிரி இருக்கும். அப்பறம் 'ஏ பிளஸ் கிரேடு பேனல்'னு விளம்பரத்துல போட்டிருப்பான். அந்த கிரேட யாரு போட்டாங்கிறது மட்டும் எங்கயும் போட்டிருக்காது.

மெமரியச் சொல்லவே வேணாம். 1 ஜிபி ராம், 8 ஜிபி எடம். மொத வருசம் பறக்கும். ரெண்டு வருசம் போவட்டும், ரிமோட்ட அமுக்கிட்டு நீ கொல்லைக்குப் போயி கை கால் கழுவிட்டு வரலாம், அப்பத்தான் சேனல் மாறும்.

பேரு சங்கதிக்கு வருவோம். ஒனக்கு கோடக்னா யாரு? கல்யாணத்துக்கு ஃபிலிம் ரோல் வித்த கம்பெனி. 2012-ல அமெரிக்காவுல திவால் மனு போட்டான். அந்தப் பேருல இங்க டிவி விக்குதே, செய்யறது நோய்டாவுல இருக்கிற எஸ்பிபிஎல். தாம்சன்னு பிரெஞ்சுப் பேரு, பிளாபுங்ட்னு செர்மானியப் பேரு, அதுகளும் அதே வீட்டுப் புள்ளைகதான். பேர உரிமத்துக்கு எடுத்து ஒட்டுறது. இதுல களவு ஒண்ணுமில்ல, எல்லாம் சட்டப்படிதான். சின்னவன் மட்டும் பண்ணுறான்னும் நெனைக்காத. தோஷிபா டிவி இன்னிக்கு சீனாவோட ஹைசென்ஸ் கையில. பிலிப்ஸ் டிவி டிபிவிங்கிற கம்பெனி செய்யறது. புதுசா ஒரு பேர ஊரு நம்புறதுக்குக் கிரிக்கெட்காரனையும் சினிமாக்காரனையும் புடிச்சுக் கோடி கோடியாக் கொட்டணும். பழைய பேர வாடகைக்கு எடுத்தா அந்தக் கோடி மிச்சம். ஷோரூம் வைக்காம ஆன்லைன்லயே வித்தா கடைக்காரன் கமிஷன் மிச்சம். மாவட்டத்துக்கு மாவட்டம் சர்வீஸ் சென்டர் தொறக்காம விட்டா அதுவும் மிச்சம். ஒன் 18,000-ல நல்லா ஒரு பங்கு இங்கதான் கெடக்கு. ஒன் சித்தப்பன் குடுத்த காசுல கிரிக்கெட்காரன் சம்பளமும் சேத்தி. அது வரைக்கும் நீ கெட்டிக்காரன்தான், ஒத்துக்கிடுறேன்.

ஆனா மாப்ளே, இம்புட்டையும் கூட்டுனாலும் கணக்கு இன்னும் ஒதைக்குதே. அந்தக் கடைசித் துண்டு எங்க போச்சுன்னு தேடுனாத்தான் ஒனக்குப் புரியும், நீ வாங்குனது டிவிய மட்டுமில்லன்னு.

2006-ல நம்ம ஊருல வீடு வீடா 14 இஞ்சு கலர் டிவி குடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? நீ டவுசர் போட்டுக்கிட்டுத் திரிஞ்ச காலம். டிவி சும்மா வந்துச்சு. கேபிளுக்கு மாசாமாசம் நம்ம கையிலருந்து போச்சு. பெட்டி வீட்டுக்குள்ள வந்துட்டா அப்பறம் காசு எந்த வழியா வேணாலும் வெளிய போவும்னு அன்னிக்கே ஒங்க அம்மாச்சி சொன்னா. இப்ப அதையே கம்பெனிக்காரன் கணக்கு எழுதிப் பண்ணுறான்.

அமெரிக்காவுல விசியோன்னு ஒரு கம்பெனி, சல்லிசு டிவிக்குப் பேரு போனவன். 2021-ல ஒரு மூணு மாசக் கணக்கப் பாத்தா, டிவி வித்துக் கெடச்ச மொத்த லாபத்தப் போல ரெண்டு மடங்குக்கு மேல விளம்பரத்துலயும் சனங்க எதப் பாத்தாங்கங்கிற வெவரத்த விக்கிறதுலயும் சம்பாரிச்சிருக்கான். ரோக்குன்னு இன்னொருத்தன், பெட்டிய நட்டத்துக்கே விக்கிறான். சந்தையில மாட்டுத் தரகன் வாங்கிக் குடுக்குற டீ தான் அது. குடிச்சவன் பாக்கெட்டுலருந்துதான் பின்னால அதுக்கும் காசு வரும். ஷியோமிக்காரன் 2018-ல வெளிப்படையாவே சொன்னான், சாமான் விக்கிறதுல 5 சதவீதத்துக்கு மேல நிகர லாபம் வைக்க மாட்டேன்னு. ஒன்னைய மாதிரி எத்தன பேருக்குப் புல்லரிச்சிருக்கும்! 5 சதவீதம் சாமான்ல. டிவியப் போட்டதும் மொகப்புல வரிசையா நிக்கிற விளம்பரத்துக்கு அவன் ஒண்ணும் சத்தியம் பண்ணலையே. ஒன் ரிமோட்டுல செவப்பா ஒரு பட்டன், நீலமா ஒரு பட்டன் இருக்குல்ல, படக் கம்பெனி பேரு போட்டது? அந்த எடத்துக்கும் காசு உண்டு. நீ தெனமும் தொடுற பொருள்ல ஒருத்தன் எடம் வாங்கிப் போட்டிருக்கான், பத்திரம் மட்டும் ஒன் பேருல இல்ல.

இன்னொரு கூத்து இருக்கு. ஏசிஆர்னு ஒரு சமாச்சாரம். திரையில ஓடுற படத்துலருந்து அப்பப்பத் துணுக்குத் துணுக்கா எடுத்து, இது எந்தப் படம், எந்த விளம்பரம்னு கண்டுபுடிச்சு கம்பெனிக்குச் சொல்லிரும். கேபிள் செருகுனாலும் சரி, டிவிடி போட்டாலும் சரி, திரையில வந்தாப் போதும். அந்த விசியோக்காரன் 2014-லருந்து 1.1 கோடி டிவியில இத வீட்டுக்காரன்கிட்டச் சொல்லாமப் பண்ணி மாட்டிக்கிட்டான். 2017-ல கட்டுன காசு 22 லட்சம் டாலர். வகுத்துப் பாரு, ஒரு டிவிக்கு 20 சென்ட் வருது. அம்புட்டுத்தான் தண்டம். அப்பறம் என்ன ஆனான்? கெட்டா போனான்? 2024-ல வால்மார்ட் அவன 230 கோடி டாலருக்கு வாங்கிருச்சு.

2023-ல டெல்லின்னு ஒருத்தன் (நம்ம தலைநகரம் இல்லப்பா, டிவிக் கம்பெனி) 55 இஞ்சு டிவிய ஓசியிலயே தர்றேன்னான். அடியில இன்னொரு சின்னத் திரை, அதுல விளம்பரம் ஓயாம ஓடும். வயசு, வருமானம், குடும்பம் எல்லாத்தையும் எழுதிக் குடுக்கணும். வீட்டுல அதத்தான் முக்கிய டிவியாப் பாக்கணும்னு நிபந்தன வேற. ஒனக்குத் தெரிஞ்சிருந்தா மொத ஆளா வரிசையில நின்னிருப்ப.

சரி, ஒன் சித்தப்பன் இப்பச் சட்டக் காலரத் தூக்கி விட்டுக்கிட்டுச் சிரிக்கிறான் பாரு, அவனையும் கூப்புடு. 2025 டிசம்பர்ல டெக்சாஸ் அரசு வழக்குப் போட்டுச்சே, இந்த ஒளிஞ்சு பாக்குற சங்கதிக்கு, யார் யார் மேலன்னு கேளு. ஹைசென்ஸ், டிசிஎல் மட்டுமில்ல. சோனி, சாம்சங், எல்ஜி மேலயும்தான். ஒன்கிட்டக் காசக் கம்மியா வாங்கிட்டு வேவு பாக்குறான். அவன்கிட்டக் காசையும் முழுசா வாங்கிட்டு வேவு பாக்குறாங்கிறது வழக்கு. இப்பச் சொல்லுங்க, ரெண்டு பேருல யாரு ஏமாளி? பதில் சொல்ல வேணாம், ரெண்டு பேரும் எனக்குச் சொந்தம்.

விக்கிறவன் விக்கட்டும், நீ செய்ய வேண்டியதச் சொல்றேன். செட்டிங்ஸுல ஒக்காந்து அந்த ஏசிஆரத் தேடு. சாம்சங்குன்னா 'வியூயிங் இன்ஃபர்மேஷன்', எல்ஜின்னா 'லைவ் ப்ளஸ்', சோனியில 'சம்பா டிவி'. ஒன் டிவியில வேற பேரு வச்சிருப்பான், தனியுரிமைங்கிற பக்கத்துல தேடு, அணைச்சு விடு. பொருத்துறப்ப "ஓகே, ஓகே"ன்னு கண்ணை மூடிட்டு அமுக்குனியே, அப்பத்தான் எழுதிக் குடுத்த. இன்னொண்ணு, பெட்டியில 'கூகுள் டிவி'ன்னு முறையா இருக்கான்னு பாரு. வெறும் ஆண்ட்ராய்டுன்னு மட்டும் சொல்லி விக்கிறதுல வில்லங்கம் உண்டு. சான்றிதழ் இல்லாத சல்லிசு ஆண்ட்ராய்டுப் பெட்டிகள்ல சிலது, வாங்குறதுக்கு முன்னாடியே களவு மென்பொருளோட வருதுன்னு 2025 ஜூன்ல அமெரிக்க எஃப்பிஐயே எச்சரிச்சுச்சு. அது வழியா ஒன் வீட்டு நெட்டுல எவனோ எங்கயோ கொள்ளையடிப்பான், முகவரி ஒன்னுதா இருக்கும்.

வெளிச்சத்த நூத்துக்கு நூறு வைக்காத, அறுவதுல எழுவதுல வையி. ஸ்ட்ரிப்பு கூட நாள் நிக்கும், கரண்டும் மிச்சம். செவுத்தோட ஒட்டி அடிக்காம பின்னாடி காத்துப் போக எடம் விடு. சர்வீஸ்காரன் மதுரையில இருக்கானா, இல்ல வாட்ஸ்அப்புல மட்டும் இருக்கானான்னு இன்னிக்கே போன் போட்டுக் கேளு. ரிட்டன் பண்ண இன்னும் நாள் இருக்கும். சீரியலும் செய்தியும் பாக்குற வீட்டுக்கு 17,000 ரூவா டிவி தாராளமாப் போதும், அதுல ஒண்ணும் கொறச்சல் இல்ல. ராத்திரி வௌக்க அணைச்சுட்டு சினிமாவ சினிமாவாப் பாக்கணும்கிற கிறுக்கு ஒனக்கு இருந்தா மட்டும் ஒன் சித்தப்பன் வழியில போ. பில்ல பத்திரமா வையி. வாரண்டி ஒரு வருசந்தான்.