செலவழுங்கல்: நெல்லித்தோப்பிலிருந்து செங்கடல் வரை ஓர் ஆய்வு

தமிழரின் பயண வரலாற்றில் போகாத ஊர்கள் என்னும் துறை இன்னும் முறையாக ஆராயப்படவில்லை. போன ஊர்களைப் பற்றி எழுத ஏ.கே. செட்டியார் தொடங்கி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். போவதாக இருந்து, லீவு சொல்லி, சக்கரம் வைத்த பெட்டிகூட வாங்கி, கடைசியில் போகாமல் நின்றுபோன ஊர்களோ அவற்றைப்போலப் பல மடங்கு. அந்தக் குறையைக் கொஞ்சமேனும் தீர்க்க எழுந்ததே இக்கட்டுரை. ஆய்வுக் களம்: புதுச்சேரி, நெல்லித்தோப்பு, மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. காலம்: ஓர் ஏப்ரல் தொடங்கி மறு ஏப்ரல் வரை. ஆய்வுக்கு உட்பட்டோர் ஐவர்: இக்கட்டுரையாளன், அவன் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், அத்தை, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா மாமா.

சிக்கல் ஓர் இரவுச் சாப்பாட்டில் தோன்றியது. இந்த வருஷம் வெளிநாடு என்று முடிவானதும், கடலுக்கடியில் இறங்கிப் பவளப்பாறை பார்க்க வேண்டும் என்றாள் மகள். மனைவி பழைய இடிபாடு கேட்டாள். அதுவும் நம்மூர்ப் பழசைவிடப் பழசாக இருக்க வேண்டும். மாமாவுக்குப் பாலைவனம். ஜிபூத்தியில் பணியாற்றியவர். "மணல்ல மல்லாந்து படுத்து வானத்தப் பார்த்தா அது வேற மாதிரி மாப்ளே" என்று குசினி வாசலில் நின்றபடி இரண்டு முறை சொன்னார். அத்தை வேளாங்கண்ணி என்றார். அது ஆய்வெல்லைக்கு வெளியே என்று ஒதுக்கப்பட்டது. (அந்த ஆண்டு இக்குடும்பத்தில் உண்மையாகவே நடந்த ஒரே பயணம் அதுதான் என்பதை நேர்மை கருதி இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

கடல், இடிபாடு, பாலை மூன்றும் ஒரே பயணத்தில் அமையும் நாடு உலகில் மிகச் சில. ஜோர்டானில் அக்காபா கடல், பெட்ரா, வாடி ரம் மூன்றும் இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. எகிப்தில் செங்கடல் கரையும் லக்சரும் வெள்ளைப் பாலைவனமும் உண்டு. தூரம் அதிகம், பெருமையும் அதிகம். சித்தப்பா மகன் கல்யாணத்தில் சொல்லிக்கொள்ள ஜோர்டானைவிட எகிப்தே பொருத்தம் என்று மூன்றுக்கு ஒன்று வாக்கில் தீர்மானமாயிற்று. அத்தை வாக்களிக்கவில்லை. எதிர்த்து விழுந்த ஒரு வாக்கு இக்கட்டுரையாளனுடையது.

அடுத்தது வரிசை. நாங்கள் நோட்டில் எழுதியிருந்தபடி முதலில் பிரமிடு, பிறகு மணல், கடைசி நாள் காலையில் டைவிங், சாயங்காலம் விமானம். இது எவ்வளவு அபாயம் என்பதை விளக்க கோலி சோடா போதும். மூடிய பாட்டிலுக்குள் அழுத்தத்தில் கரைந்திருக்கும் வாயு, கோலியைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளியதும் பொங்கி வருகிறது. 18 மீட்டர் ஆழத்தில் மனித உடம்பின் மேல் கரையில் இருப்பதுபோல 2.8 மடங்கு அழுத்தம். மூச்சுக் காற்றிலுள்ள நைட்ரஜன் அங்கே ரத்தத்திலும் சதையிலும் கூடுதலாகக் கரைகிறது. மெதுவாக மேலேறினால் அது மெதுவாக வெளியேறும். அவசரப்பட்டால், அல்லது கரையேறிய கையோடு காற்றழுத்தம் குறைந்த விமானத்தில் உட்கார்ந்தால், மூட்டுகளுக்குள் சோடா திறக்கும். ஒரே ஒரு முறை மூழ்கினால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் மூழ்கினால் 18 மணி நேரம் கழித்தே பறக்க வேண்டும் என்பது டைவிங் விதி. ஆகவே கடல் முதலில், மணல் கடைசியில். மகள் நோட்டை வாங்கி அம்புக்குறிகளைத் திருப்பிப் போட்டாள். இந்த ஆய்வில் அறிவியல் என்று சொல்லத்தக்கது இந்த ஒரு பக்கம்தான்.

அந்த நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பது பக்க ரூல் போட்ட நோட்டு. முதல் பக்கத்தின் தலைப்பு 'செலவு'. சங்கத் தமிழில் செலவு என்றால் போவது, பயணம். இன்று அதே சொல்லுக்குக் கையை விட்டுப் போகும் பணம் என்று பொருள். இடையில் என்ன நடந்தது என்று சொல்லாராய்ச்சியாளர்கள் பல வகையில் விளக்கலாம். எங்கள் நோட்டில் அந்தப் பொருள் மாற்றம் மொத்தம் மூன்று பக்கங்களில் நடந்து முடிந்தது. முதல் பக்கத்தில் ஊர்ப் பெயர்கள். இரண்டாம் பக்கத்தில் ஊர்ப் பெயர்களுக்கு எதிரே ரூபாய். மூன்றாம் பக்கத்தில் ஊர்ப் பெயரே இல்லை. வீட்டுவரி, கல்லூரி ஃபீஸ், மாடிக் கழிவுக் குழாய்.

இதற்குப் பெயரும் நம் முன்னோர் வைத்திருக்கிறார்கள்: செலவழுங்கல். பொருள் தேடப் புறப்படும் தலைவன், தலைவியின் முகவாட்டம் கண்டு பயணத்தை நிறுத்துவது. இப்படி நிறுத்துவது போகாமலே இருந்துவிடுவது ஆகாது, அவளைத் தேற்றிவிட்டுப் பின்னர்ப் போவதற்காகவே என்று தொல்காப்பியம் கற்பியலில் தெளிவாக வகுத்திருக்கிறது. எனவே "அடுத்த வருஷம் போலாம்மா" என்னும் தொடர் சாக்குப்போக்கு அன்று, இலக்கண வழக்கு. நெல்லித்தோப்பு வழக்கில் ஒரு திரிபு உண்டு. இங்கே தலைவி பெட்டியோடு நிற்கிறாள். முகம் வாடுவது தலைவனுக்கு.

செலவுக்கு அழுதவன் நான் ஒருவன் மட்டுமல்ல. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரியில் பிளினி கணக்கு எழுதிவைத்திருக்கிறார். நம்ம மிளகுக்காகவும் முத்துக்காகவும் அழுத பணம் அது. படித்தபோது மனத்துக்கு இதமாக இருந்தது.

எகிப்து தள்ளிப்போனதும், மூன்றையும் உள்ளூரிலேயே திரட்ட முடியுமா என்று ஆய்வு திசை திரும்பியது. முதலில் பாலை. ஐந்திணையில் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் நான்குக்கும் தெய்வமும் நிலமும் ஒதுக்கிய தொல்காப்பியம் பாலைக்கு நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் வாடித் தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அதாவது தமிழனுக்குப் பாலை ஓர் இடம் அல்ல, ஒரு நேரம்: வேனிற்கால நண்பகல். இந்த அளவுகோலின்படி, மே மாதம் பகல் பன்னிரண்டரைக்கு ஹெல்மெட்டோடு நெல்லித்தோப்பு சிக்னலில் நிற்பவர் பாலை ஆய்வாளரே. பாலைக்குரிய ஆறலை கள்வர், அதாவது வழிப்பறிக்காரர், பற்றிய தரவுகள், வட்டாரத்தின் நன்மதிப்பு கருதி, இங்கே சேர்க்கப்படவில்லை. கண்ணுக்கு மணல்மேடு தெரிந்தே ஆக வேண்டும் என்பவர்கள் தூத்துக்குடிப் பக்கம் குதிரைமொழித் தேரிக்குப் போகலாம். செக்கச் செவேல் என்று, காற்றுக்கு நகரும் மணல்.

பாலைக்குரிய உரிப்பொருள் பிரிவு. எதிர்வீட்டுத் தம்பி ஒன்பது வருஷமாகக் குவைத்தில் இருக்கிறார். நாங்கள் பணம் கட்டிப் பார்க்க நினைத்த மணலைச் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்ப்பவர். லீவில் வந்தபோது, பாலைவனத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். "ஏசி இருக்குண்ணே" என்றார். அவர் அம்மா உள்ளேயிருந்து, "திரும்ப எப்போ டிக்கெட்டுன்னு கேளு" என்றார்.

பவளப்பாறை விஷயத்தில் புதுச்சேரிக்கு விசித்திரமான தகுதி இருக்கிறது. துறைமுகத்துக்காக 1980களின் கடைசியில் கட்டிய அலைத்தடுப்புகள் தெற்கிலிருந்து வரும் மணலை மறித்தன; நகரக் கடற்கரை கரைந்து, கருங்கல் கொட்டிய விளிம்பு மட்டும் மிஞ்சியது. மணலை மீட்க, தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவில் ஒரு செயற்கை ரீஃபை இறக்கியது. மணல் திரும்பி வந்தது; இப்போது அங்கே பிள்ளைகள் கால் நனைக்கிறார்கள். ஆனால் அந்த ரீஃப் எஃகு. மகள் அதைப் பவளமாக ஏற்க மறுத்துவிட்டாள். உயிருள்ள பவளம் வேண்டுமென்றால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றித்தான் தேட வேண்டும். அது 1986 முதல் தேசியப் பூங்கா.

இடிபாட்டுக்குக் குறையே இல்லை. ஸ்கூட்டரில் அரியாங்குப்பம் பாலம் தாண்டினால் அரிக்கமேடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் போனோம். மாந்தோப்பு, நிழல், ஆற்றின் ஓரம் கொக்கு, செடி மண்டிய செங்கல் சுவர்கள். "ரோமர் கட்டினதா?" என்று அவள் தொட்டுப் பார்த்தாள். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து படித்தால், நிற்கிற சுவர் 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய மிஷன் வீடு. 1945இல் மார்ட்டிமர் வீலரும், அவருக்குப் பின் கசாலும், 1989 முதல் விமலா பெக்லியும் தோண்டிக் கண்ட கிடங்கும் தொட்டிகளும் மறுபடி மண்ணுக்குள். நம் காலடியில் இருந்ததை விட்டுவிட்டுக் கண்ணெதிரே இருந்ததைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறோம்.

இந்த இடிபாட்டைப் பற்றி முதலில் குறிப்பெழுதிய ஐரோப்பியர்களில் ஒருவர் லெ ஜாந்தீல் என்னும் வானியலாளர். திட்டமிடுவோர் அனைவருக்கும் இவரே குலதெய்வமாக இருக்கத்தக்கவர். சூரியன்மேல் வெள்ளி கடப்பதைப் பார்க்க 1760இல் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குக் கிளம்பினார். வருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கையில். 1761 ஜூனில் வெள்ளி கடந்தபோது ஆடும் கப்பலில் இருந்தார், அளக்க முடியவில்லை. அடுத்த கடப்பு எட்டு வருஷம் கழித்து. காத்திருந்து, 1769இல் புதுச்சேரியிலேயே கருவிகளோடு தயாராக நின்றார். அன்று காலை மேகம். ஊர் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாக முடிவுகட்டி, சொத்தைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள். இதை வீட்டில் சொன்னேன். "பாத்தீங்களா, அவரு கிளம்பவாவது கிளம்பினாரு" என்றாள் மனைவி.

ஆய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு இனிமேல்தான். அரிக்கமேட்டையே கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ் பொதுக்கே என்ற துறையாகக் குறிப்பிடுகிறது என்பது அறிஞர் கருத்து. அக்காலத்தில் தமிழகத்துத் துறைகளிலிருந்து போன சரக்கு எகிப்தின் செங்கடல் கரையில் பெரனீகே, குசெயிர் ஆகிய இடங்களில் இறங்கியது. அங்கிருந்து நைல் ஆற்றங்கரைக்கு ஒட்டகப் பயணம். பெரனீகேயிலிருந்து 12 நாள், வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவில் என்று பிளினி எழுதுகிறார். பெரனீகேயில் சராபிஸ் கோயில் தரையில் இந்தியப் பெருஞ்சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்திருக்கிறது. தமிழ் பிராமியில் கொற்றபூமான் என்று பெயர் எழுதிய ஓடும் கிடைத்திருக்கிறது. குசெயிரில் கணன், சாதன் என்ற பெயர்கள். இன்னொரு பானையில் இரண்டு பக்கமும் 'பானை ஒறி' என்று, அதாவது உறியில் தொங்கும் பானை என்று எழுதியிருக்கிறது. கல்யாணச் சீர் எவர்சில்வர் அண்டாவில் பெயர் வெட்டி வாங்கும் எங்கள் அத்தையின் பழக்கத்துக்கு இரண்டாயிரம் ஆண்டு வயது என்பது இதனால் நிறுவப்படுகிறது.

இதைவிட முக்கியமானது ஒன்று. பெரனீகேயின் வீடுகளும் கோயில்களும் பெரும்பகுதி கட்டப்பட்டது செத்த பவளக் கற்களால். கல் கிடைக்காத கரையில் பவளத்தை வெட்டி அடுக்கியிருக்கிறார்கள். இன்று அது மணலில் சரிந்து கிடக்கிறது. பவளப்பாறை, இடிபாடு, பாலைவனம் மூன்றும் ஒரே சுவரில். மகள், மனைவி, மாமா மூவரும் ஒரு இடத்தில் நின்றால் மூவருக்கும் ஆயிற்று. அக்காபா, பெட்ரா, லக்சர், அம்புக்குறி எதுவும் தேவையில்லை. கொற்றபூமான் லீவு எடுக்காமல், வேலையாகப் போன கையோடு இதையெல்லாம் பார்த்திருக்கிறான்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'பெரனீகே' என்று எழுதி அடிக்கோடிட்டு வைத்திருக்கிறோம். புதுச்சேரியிலிருந்து அங்கே நேரடிப் போக்குவரத்து தற்போது இல்லை. வேளாங்கண்ணிக்குப் பஸ் இருக்கிறது.