கட்டாயம் நிரப்பவும்

கிராம நிர்வாக அலுவலர் ஆக வேண்டுமா? பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும் என்கிறது குரூப் 4 அறிவிப்பு. நம்பிவிடாதீர்கள். விண்ணப்பிக்கும் முன்பு தேர்வாணையத்தின் இணையதளத்தில் ஒருமுறைப் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டும். இப்படிப்பட்ட படிவங்களில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் மின்னிக்கொண்டிருக்கும். கிரகம் சரியில்லை என்றால் திருநள்ளாறு போய் எள் தீபம் ஏற்றிவிட்டு வரலாம். இந்த நட்சத்திரத்துக்குப் பரிகாரத் தலம் கிடையாது.

பாஸ்போர்ட்டுக்கு இணையத்தில் கணக்குத் தொடங்கவும் அதே கட்டம்தான். நீட் எழுதப் போகும் பிள்ளைக்கும் அதுவேதான். அங்கே கூடுதலாக ஒரு கண்டிப்பும் உண்டு. முகவரி மாணவருடையதாகவோ பெற்றோர் அல்லது பாதுகாவலருடையதாகவோ மட்டுமே இருக்க வேண்டுமாம். நியாயமான கண்டிப்புதான். ஆனால் கரும்பு வெட்டப் போகும் அப்பாவுக்கும் நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவுக்கும் அந்த முகவரி எந்த மரத்தில் காய்க்கும் என்று படிவம் போட்ட மகான்கள் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும் முன்பே மெயில் ஐடி முளைத்திருக்கும். ஊரெல்லாம் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆகவே, தகப்பனுக்கும் பிள்ளைக்கும் சேர்த்து முகவரியைப் பெற்றுத் தருபவர் பிரவுசிங் சென்டர்க்காரர். விண்ணப்பம் முடியும் நாள் நெருங்கும்போது தாலுகா அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் நின்று பாருங்கள். கடைக்காரர் எதிரில் நிற்கும் பெண்ணிடம் பேரைக் கேட்பார், தட்டுவார். அந்தப் பேரில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று திரை சொல்லும். இனிஷியலைச் சேர்ப்பார், பிறந்த வருடத்தைச் சேர்ப்பார், நடுவில் ஒரு புள்ளி வைப்பார். பாஸ்வேர்டு? பேரு, அட், ஒன் டூ த்ரீ. இந்த வட்டாரத்தில் பாதிப் பேரின் ரகசியம் அதுதான். சரிபார்க்க ஒரு போன் நம்பர் கேட்கும். வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு வயலுக்குப் போயிருக்கிறது. வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். கடைக்காரர் தன் நம்பரையே போடுகிறார். இந்த எண்ணை இதற்கு மேல் பயன்படுத்த முடியாது என்று பதில் வருகிறது. ஊருக்கே போட்டுத் தேய்ந்த எண். உடனே பக்கத்து டீக்கடையைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார்: “மாஸ்டர், உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க!”

அந்த வினாடியிலிருந்து அந்தப் பெண்ணின் அரசாங்க அடையாளத்துக்குச் சாவி டீ மாஸ்டரின் சட்டைப்பையில் இருக்கிறது. அது அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அடுத்த வருடம் அவள் திரும்ப வருவாள்.

“அண்ணே, போன வருசம் நீங்கதானே மெயில் ஐடி போட்டுக் குடுத்தீங்க? பாஸ்வேர்டு என்னண்ணே?”

“பேப்பர்ல எழுதிக் குடுத்தேனேம்மா.”

“அது மழையில நனைஞ்சு போச்சுண்ணே.”

“அப்ப புதுசா ஒண்ணு போட்டுக்கலாம். அம்பது ரூவா.”

கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. அரசாங்கம் செய்ய மறந்த வேலையை ஐம்பது ரூபாய்க்குச் செய்கிறார். புது முகவரி கிடைத்துவிடும். பழைய பதிவு பழைய முகவரியில் மாட்டிக்கொண்டிருக்கும். அதைத் திறக்கலாம் என்று புதுப் போனில் முயன்றால் கூகுளின் விசாரணை தொடங்கும். பாஸ்வேர்டு எப்படியோ நினைவுக்கு வந்து சரியாகவே போட்டாலும் விடாது. இது புதிய கருவி, எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, உங்கள் பழைய போனுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறேன், அதில் ‘ஆம், நான்தான்’ என்று தட்டுங்கள் என்னும். பழைய போன் கிணற்றில் விழுந்துதான் புதுப் போனே வாங்கியது. சரி, வேறு வழி என்று தட்டினால், டீ மாஸ்டருக்கு ஓடிபி போகும். மாஸ்டர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் ஆறு மாதமாகிறது. கடைசியில், இந்தக் கணக்கு உங்களுடையதுதான் என்று எங்களால் உறுதிசெய்ய முடியவில்லை என்று ஒரே வரியில் தீர்ப்பு. அவள் பையில் ஆதார் இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாம் இருக்கின்றன. தாசில்தாரே வந்து கையெழுத்துப் போட்டாலும் அந்தத் தீர்ப்பு மாறாது. மேல்முறையீட்டுக்கு நீதிமன்றம் இல்லை, கும்பிட ஒரு குமாஸ்தாகூட இல்லை.

பாஸ்வேர்டுக்கு மேல் போனையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருடர்கள் மலிந்த ஊரில் இரண்டு பூட்டு அவசியம்தான். போன் தொலைந்தால் உள்ளே போவதற்கென்று கூகுள் எட்டு இலக்கத்தில் பத்துக் காப்பு எண்களைத் தருகிறது. ஒரு தாளில் அச்சடித்து அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தாலே போதும். ஆனால் அது செட்டிங்ஸுக்குள் போய், அக்கவுண்டுக்குள் போய், செக்யூரிட்டிக்குள் போய், அதற்கும் உள்ளே ஒளிந்துகொண்டிருக்கிறது. பூட்டைத் தெருவில் கொட்டிக் கொடுத்தவர்கள் மாற்றுச் சாவியைப் பாதாள அறையில் வைத்திருக்கிறார்கள்.

யாரிடமாவது பேசலாமே என்பீர்கள். இலவசக் கணக்கு வைத்திருப்பவருக்குப் போனை எடுத்துப் பேச ஆள் கிடையாது. ஆகவே மனிதர்கள் கஸ்டமர் கேர் நம்பரை இணையத்தில் தேடுகிறார்கள். நம்பர் கிடைக்கும், முதல் ரிங்கிலேயே எடுப்பார்கள், அன்பொழுக “சொல்லுங்க சார்” என்பார்கள். இந்த ஆப்பை இறக்குங்க சார், அதில் தெரியற ஒன்பது இலக்கத்தைச் சொல்லுங்க சார் என்பார்கள். இந்தத் திரைப்பகிர்வுத் திருட்டைப் பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. இன்றும் நடக்கிறது. உலகத்திலேயே பெரிய கம்பெனிகள் போனை எடுப்பதில்லை, திருடன் எடுக்கிறான். வாடிக்கையாளர் சேவை என்பதை இந்த நாட்டில் ஒழுங்காகச் செய்கிற ஒரே ஆள் அவன்தான். பணம் போன பிறகு 1930 என்ற எண்ணுக்கு நீங்கள் கூப்பிட வேண்டும்.

கிணற்றில் விழாத போனுக்கும் கதி இதுதான். பேரன் விளையாடி முழுசாக ரீசெட் செய்துவிட்டான் என்று வையுங்கள். முன்பு இந்தப் போனில் இருந்த கணக்கைப் போட்டால்தான் திறப்பேன் என்று அது வாசலில் உட்கார்ந்துகொள்ளும். ஆண்ட்ராய்டு 5.1 வந்த 2015 முதல் இருக்கும் ஏற்பாடு. எஃப்ஆர்பி என்பார்கள். திருடியவனுக்குப் பயன்படக் கூடாது என்ற நல்ல எண்ணம். நடப்பது என்ன? தன் ஓய்வூதியத்தில் வாங்கிய போனின் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவர் சர்வீஸ் கடைக்குப் போகிறார். நேற்று பஸ்ஸில் அடித்த போனோடு இன்னொருவனும் அதே கடைக்குப் போகிறான். இருவருக்கும் எஃப்ஆர்பி எடுத்துத் தருகிறார்கள். பெரியவருக்குத்தான் பில் கூடுதல்.

இடப் பிரச்சினை தனி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி இலவசம். 2021 ஜூன் வரை சுருக்கிய படங்களைக் கணக்கில் சேர்க்காமல் அள்ளி அள்ளி வாங்கிக்கொண்டார்கள். ஊரே பழகிய பிறகு மீட்டர் போட்டார்கள். பிறகு வாட்ஸ்அப் பேக்கப்பையும் அதே கணக்கில் சேர்த்தார்கள். மாமா தினமும் காலையில் அனுப்பும் ரோஜாப்பூக்களும், குத்துவிளக்குகளும், அமாவாசை வாழ்த்துகளும் பேக்கப்பாகி 15 ஜிபியை நிரப்பிவிட்டால், அதன் பிறகு வரும் மெயில் உள்ளே நுழையாது; அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். கலந்தாய்வுக்கு அழைக்கும் கடிதத்தை மாமாவின் ரோஜாப்பூ வாசலில் நின்று தடுத்துவிடும். இடம் வேண்டுமென்றால் மாதாமாதம் காசு கட்டு. சும்மா கிடைத்த திண்ணைக்கு வாடகைச் சீட்டு எப்போது வரும் என்று நாம்தான் யோசித்திருக்க வேண்டும்.

2023-ல் கூகுள்காரர்கள் இன்னொரு சட்டம் போட்டார்கள். இரண்டு வருடம் எட்டிப் பார்க்காத கணக்கு நீக்கப்படலாம். கம்பெனியின் பக்கம் பார்த்தால் ஒரு நியாயம் இருக்கிறது. கேட்பாரற்ற கணக்கில்தான் திருடன் புகுவான். ஆனால் நம் ஊர் நிலவரம் அவர்களுக்கு எங்கே தெரியும்? அறிவிப்பு வந்து, தேர்வு எழுதி, முடிவு வந்து, அதன் மேல் ஒருவர் வழக்குப் போட்டு, தடை வாங்கி, தடை விலகி, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிடுவதற்குள் சிலருக்குக் கல்யாணமாகிப் பிள்ளையே பிறந்துவிடுகிறது. அரசு வேலைக்காகத் தொடங்கிய முகவரி, அரசு வேலை வரும் வரை உயிரோடு இருக்காது.

இனிச் சிறு கம்பெனிக்காரர் கதை. சொந்த டொமைனில் மெயில் வாங்கியிருப்பார். போனில் போட வேண்டும். இன்கமிங் சர்வர், அவுட்கோயிங் சர்வர், ஐமேப்பா பாப்பா, போர்ட் 993-ஆ 995-ஆ, 465-ஆ 587-ஆ என்று ஆறேழு கட்டம். பாப் என்று தட்டிவிட்டால் கடிதங்களைப் போன் உறிஞ்சிக்கொண்டு, ஆபீஸ் கம்ப்யூட்டரைக் காலியாக விட்டாலும் விடும். ஐமேப் என்று தட்டினால் கடிதம் சர்வரிலேயே தங்கும், எல்லா இடத்திலும் தெரியும். இந்த ஒரு வாக்கியத்தைத் திரையில் எழுதி வைக்க இத்தனை வருடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. மெயில் வரும், போகாது. அனுப்பும் சர்வருக்கும் பாஸ்வேர்டு தனியாகக் கொடுக்க வேண்டும் என்ற டிக் எங்கேயோ கீழே இருக்கும். பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போன் தானாகவே மெயில் ஆப்பைத் தூங்க வைத்துவிடும். சாயங்காலம் திறந்தால் காலையில் வந்த ஆர்டர் அப்போதுதான் வந்து விழும். போனில் தேதி தப்பாக இருந்தால்கூட, சர்வரின் சான்றிதழ் செல்லாது என்று சண்டை போடும். இத்தனைக்கும் திரையில் காட்டும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, பிறகு முயலவும். நேற்று நீங்கள் எந்தக் கடை வாசலில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று தெரிந்த கருவிக்கு, தன் வயிற்றுக்குள் என்ன கோளாறு என்று மட்டும் தெரியவில்லையாம்!

சொந்த ஜிமெயிலைப் பழைய மெயில் ஆப்பில் போட்டு வைத்திருந்தவர்களுக்கு 2022 மே மாத முடிவில் இன்னொரு அடி விழுந்தது. வெறும் பாஸ்வேர்டு இனிச் செல்லாது. இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, 16 எழுத்தில் ஆப் பாஸ்வேர்டு ஒன்று வாங்க வேண்டும். அதை ஒரே ஒரு தடவைதான் காட்டுவார்கள். நேற்று வரை ஒழுங்காக ஓடிய ஆப், இன்று காலை ‘பாஸ்வேர்டு தவறு’ என்றது. பாஸ்வேர்டு தவறே இல்லை. எத்தனை பேர் சரியான பாஸ்வேர்டைத் தவறென்று நம்பி மாற்றி மாற்றிப் போட்டுக் கடைசியில் கணக்கையே பூட்டிக்கொண்டார்கள் என்று யாரும் கணக்கெடுக்கப் போவதில்லை.

கம்பெனி வேலையில் இருப்பவர்கள் பாடு இதைவிட மோசம். சில அலுவலக மெயில்களைச் சொந்தப் போனில் போடும்போது ஒரு பக்கம் எழுந்து நிற்கும். போனில் உள்ள எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே அழிக்கும் அதிகாரத்தை நிர்வாகத்துக்குக் கொடுக்கிறாயா என்று கேட்கும். போன் அவனுடையது, இஎம்ஐ அவனுடையது, ரீசார்ஜ் அவனுடையது. ஒப்பந்தம் முடிந்த அன்று அவன் மகளின் காதுகுத்துப் படங்களையும் சேர்த்து அழிக்கும் உரிமை மட்டும் மேலாளருடையது. ‘ஆக்டிவேட்’ என்று தட்டினால்தான் மெயில் வரும். தட்டாமல் யார் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள்?

இவ்வளவு பாடுபட்டுக் குடிமக்கள் முகவரி வைத்துக்கொண்டிருக்க, கேட்டவர்கள் தரப்பில் என்ன இருக்கிறது? அங்கிருந்து வரும் கடிதங்களின் நெற்றியிலேயே ‘நோ ரிப்ளை’ என்று எழுதியிருக்கும். கீழே, இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்று மறுபடி ஒரு வரி. உன் முகவரி எனக்கு வேண்டும், உயிரோடு வேண்டும், தினமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் மட்டும் யாருக்கும் காது கொடுக்க மாட்டேன். ராஜா காலத்துத் தண்டோராவில்கூட, பறையறைகிறவனை நிறுத்தி எதிர்க்கேள்வி கேட்க முடிந்திருக்கும்.

பதில் அனுப்பலாம் என்று முகவரி போட்டிருக்கும் அலுவலகங்களும் உண்டு. எங்கள் தெருச் சாக்கடையைப் பற்றி அப்படி ஓர் அலுவலகத்துக்கு, இணையதளத்தில் அவர்களே போட்டிருந்த முகவரிக்கு எழுதினேன். பெறுநரின் பெட்டி நிரம்பிவிட்டது என்று திரும்பி வந்துவிட்டது. அங்கேயும் ஒரு மாமா இருப்பார் போலிருக்கிறது. நேரில் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார்.

“அந்த மெயிலை யாரும் பாக்கறதில்லீங்க சார். முன்னாடி இருந்த ஆபீசர் போன்ல போட்டு வெச்சிருந்தாரு, டிரான்ஸ்பர்ல போயிட்டாரு. பாஸ்வேர்டு அவருக்குத்தான் தெரியும். நீங்க ஒரு வெள்ளைத்தாள்ல மனுவா எழுதிக் குடுத்துடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

“அடியில உங்க மெயில் ஐடி போடலையே சார். அது இல்லாம எடுக்க மாட்டோம்.”