முழு டிக்கெட், அரை பயம்

தமிழ்ப் பேய்களுக்கு இப்போது நல்ல காலம். முன்பெல்லாம் ஒரு பேய் வெள்ளைப் புடவை கட்டி, தலையை விரித்துப் போட்டு, கொலுசு குலுங்க இரண்டரை மணி நேரம் அலைந்து தன் பழியைத் தீர்த்துக்கொண்டால் அதோடு சரி. மறுபடி யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். இன்றைக்கு முதல் படம் ஓடிவிட்டால் போதும், பேய்க்கு வேலை நிரந்தரம். சுந்தர். சி-யின் ‘அரண்மனை’ 2014-இல் திறந்தது. 2016, 2021, 2024 என்று வரிசையாகப் பதவி உயர்வு. பென்ஷன் ஒன்றுதான் பாக்கி.

நான் தியேட்டரில் பார்த்த முதல் பேய் இப்படி வசதியான பேய் அல்ல. படம் ‘13-ஆம் நம்பர் வீடு’. 1990-இல் வந்தது. மலையாளத்தில் ‘லிசா’ எடுத்த பேபிதான் இயக்குநர். புது வீட்டுக்குக் குடிபோகும் குடும்பம், பழிவாங்கக் காத்திருக்கும் ஆவி என்று கதை. நெல்லைப் பக்கத்து எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு அந்த ஆவி வந்து சேர்ந்தபோது, பல ஊர் பார்த்துக் களைத்திருந்தது. பிரிண்ட் முழுக்க மழை. முற்றத்தில் மழை, கூடத்தில் மழை, பட்டப்பகலில் பூஜை அறைக்குள்ளும் மழை.

தரை டிக்கெட்டுக்கு மணல்தான் இருக்கை. முன்னால் இருப்பவன் தலை மறைத்தால் மணலைக் குவித்து உயரம் ஏற்றிக்கொள்ளலாம். பின்னால் இருப்பவன் காலால் அதைக் கலைத்துவிடுவான். புரொஜக்டர் ஒன்றே ஒன்று. அதனால் ஒரு படத்துக்கு ஓர் இடைவேளை என்ற பேச்சுக்கே இடமில்லை. பேய் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும் நேரம் பார்த்து ரீல் தீர்ந்துவிடும். விளக்கைப் போடுவார்கள். முறுக்குத் தட்டும் சோடா பாட்டில்களும் உலா வரும். அடுத்த ரீலை மாட்டும்வரை பேய் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். அவ்வளவு பொறுமையுள்ள பேயைப் பார்த்துப் பயப்படுவது கஷ்டம்.

போதாததற்கு சைக்கிள் கடை அண்ணாச்சி. முன்வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்து, கதாநாயகிக்குப் பொறுப்பாக வழி சொல்லிக்கொண்டிருப்பார். “ஏ தாயி, அந்த ரூமுக்குள்ள போவாத. சொன்னாக் கேளு.” அவள் போவாள். விழுவாள். “நா அப்பமே சொன்னேம்லா!” என்று அண்ணாச்சி எங்கள் பக்கம் திரும்பி நியாயம் கேட்பார். கொட்டகையே சிரிப்பில் அதிரும். திரைக்குப் பின்னால் இருந்த ஒற்றை ஒலிபெருக்கி போடும் அலறல், அந்தச் சிரிப்புக்கு முன் எடுபடாது.

பயம் வந்தது படம் விட்ட பிறகுதான். இரண்டாம் ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில் உடங்காடு. அதைத் தாண்டினால் சுடலைமாடன் கோயில். என்னைக் கூட்டிப்போன மாமா தைரியத்துக்குச் சீட்டியடித்தபடி, “ஏல, பின்னால திரும்பிப் பாக்காத” என்று எனக்குத் தைரியம் சொன்னார். வீட்டில் ஆச்சி கேட்டதும் சிரித்தாள். “சுடலை காவலுக்கு நிக்காம்லா? அவனத் தாண்டி எந்தப் பேயி வரும்?” எனக்குப் பிரச்சினையே, அரிவாளை ஓங்கிக் காவலுக்கு நின்ற சுடலைதான். அவனுக்கு முன் 13-ஆம் நம்பர் வீட்டு ஆவி வெறும் வாடகைக்காரி.

மாமாவின் விமர்சனம் சுருக்கமானது: “வெறும் தெண்டம்.” அந்த வாரத்திலேயே மறுபடியும் போனார்.

இனி 2024 மே மாதம். சென்னை மல்டிபிளெக்ஸ் ஒன்றில் மகளோடு ‘அரண்மனை 4’. மணலைக் குவிக்கத் தேவையில்லை. பொத்தானை அழுத்தினால் இருக்கை படுத்துக்கொள்கிறது. முறுக்கின் இடத்தில் பாப்கார்ன். அந்த வருஷக் கடைசியில் ஜிஎஸ்டி கவுன்சில் இதற்கென ஒரு விளக்கமே கொடுத்தது: உப்புக்காரம் போட்டு உதிரியாக விற்றால் 5 சதவீதம், பொட்டலத்தில் அடைத்துப் பெயர் அச்சிட்டால் 12, கேரமல் பூசினால் 18. ஒரு சோளப்பொரி இத்தனை உருவம் எடுக்கும்போது, படத்தில் வரும் பேய் உருமாறுவதில் என்ன அதிசயம்?

உருமாறுவது நிஜமாகவே அந்தப் பேயின் தொழில். ‘பாக்’ என்று அசாமிய நாட்டார் கதைகளில் வரும் நீர்ப்பேய் அது. ஆளைக் கொன்று அவன் உருவத்திலேயே நடமாடும். கேட்கும்போதே சிலிர்க்கிறது. எவ்வளவோ செய்திருக்கலாம். ஆனால் அது வந்து சேர்ந்த இடம் கோலிவுட். அதை எதிர்க்க, பிள்ளைகளைக் காக்கும் தாய்ப்பேயாகத் தமன்னா. படத்துக்கு முன்பே ‘அச்சச்சோ’ பாட்டில் ராஷி கன்னாவோடு ஆடி ஊரைக் கலக்கியவர். அந்த முகம் இருட்டிலிருந்து வந்தால் கைதட்டத் தோன்றுமா, கத்தத் தோன்றுமா? கடைசியில் அம்மன் பாட்டுக்கு சிம்ரனும் குஷ்புவும் வந்து ஆட, அசாம் பேய்க்கு முன் நம்மூர்த் திருவிழா வென்றது.

சத்தத்துக்குக் குறைவில்லை. 2012-இல் ‘சிவாஜி 3டி’யோடு இந்தியத் திரைக்கு வந்த டால்பி அட்மாஸ், பேயைக் கூரைக்கு ஏற்றிவிட்டது. மூச்சுவிடுவது தலைக்கு மேல் கேட்கிறது. ஆனால் அலறல் வருவதற்கு முன் ஒரு நிசப்தம் வருமே, அதை வைத்தே என் மகள் கணக்குப் போட்டுவிடுகிறாள். “அப்பா, இப்ப பின்னாடியிருந்து வரும் பாருங்க.” வந்தது. உள்ளபடியே நான் நடுங்கியது படத்துக்கு முன்னால் போட்ட புகையிலை எச்சரிக்கைப் படத்தில்தான்.

அண்ணாச்சியைத்தான் தேடினேன். அவர் இப்போது திரைக்குள் இருக்கிறார். 2007-இல் ‘முனி’, 2011-இல் ‘காஞ்சனா’ என்று ராகவா லாரன்ஸ் ஒரு வழியைப் போட்டார். பேய் வந்தால் அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொள்ளும் கதாநாயகன். அம்மாவாகக் கோவை சரளா. அன்றிலிருந்து பேயைக் கிண்டலடிக்கும் பொறுப்பைப் படமே ஏற்றுக்கொண்டது. ‘அரண்மனை 4’-இல் அதற்கு யோகி பாபு, விடிவி கணேஷ், அதே கோவை சரளா. தரை டிக்கெட்டில் ஓசியில் நடந்த வேலைக்கு இன்று சம்பளம், கால்ஷீட்.

அப்படியானால் ரசிகனுக்கு வேலை போய்விட்டதா என்றால், இல்லை. எங்கள் வரிசைப் பையன் ஒருவன் நகைச்சுவை நடிகர்களுக்கே வழி சொல்லிக்கொண்டிருந்தான். “அண்ணே, அந்த ரூம் வேணாம்ணே.” அண்ணே போனார். விழுந்தார். அரங்கம் அதிர்ந்தது. பாப்கார்ன் சிந்தச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

அந்தக் காலப் பேய்தான் பேய், இந்தக் காலத்தில் எல்லாம் கிராஃபிக்ஸ் என்று பெருமூச்சு விடலாம்தான். மனசாட்சி விடவில்லை. அன்றைய பேயும் என்னைப் பயமுறுத்தவில்லை. இன்றைய பேயும் பயமுறுத்தவில்லை. இரண்டு ஆட்டத்திலும் காசு வீண், பொழுது வீணில்லை. நன்றாக எடுத்த பேய்ப்படங்களும் பார்த்திருக்கிறேன். 2009-இல் ‘யாவரும் நலம்’, ‘ஈரம்’. 2015-இல் ‘மாயா’, ‘டிமான்ட்டி காலனி’. அவற்றில் அரங்கம் வாயைத் திறக்காது. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பயந்து, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் எழுந்து போவார்கள். பாராட்டலாம், ஆனால் அங்கே அண்ணாச்சிக்கு இடமில்லை. பாதியில் சறுக்கிய பேய்ப்படம்தான் மீதியை நம்மிடம் ஒப்படைக்கிறது. முன்பின் தெரியாத நூறு பேர் சேர்ந்து அதை முடித்துக் கொடுக்கிறோம்.

வெளியே வந்ததும் மகள் சொன்னாள்: “சுமார்தாம்ப்பா. மூணாவது பாகத்துக்கு இது தேவலை. அஞ்சாவது வந்தா கண்டிப்பா போகணும்.” மாமாவின் ரத்தம். நானும் தலையாட்டினேன். எனக்கு இருக்கிற பயமெல்லாம் ஒன்றுதான்: ஐந்தாம் பாகத்தை யாராவது நன்றாக எடுத்துத் தொலைத்துவிடக் கூடாது.