பதினெட்டடி ரயில்வேயின் பொது மேலாளர்

அமெரிக்க வீடுகளின் பேஸ்மென்ட்டில் ஒரு வகைக் கனவான் குடியிருக்கிறார். துணி துவைக்கும் எந்திரத்துக்கும் தண்ணீர் சூடாக்கும் கொதிகலனுக்கும் நடுவே நாலடிக்கு எட்டடி பிளைவுட் பலகை ஒன்றைக் கால் கொடுத்து நிறுத்தி, அதன்மேல் முட்டை வடிவத்தில் தண்டவாளம் போட்டு, நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவுள்ள டீசல் இன்ஜின் ஒன்றை வைத்திருப்பார். இந்த வயதிலும் பொம்மை ரயிலா, இன்னும் வளரவே இல்லையே என்று மாடிப்படிக்கு மேலிருந்து வீட்டார் சொல்வது அபாண்டம். குழந்தை கையில் ரயிலைக் கொடுத்தால் அடுத்த நிமிடம் அது ஓடும், அதற்கடுத்த நிமிடம் கவிழும். இவருடையது மாதக்கணக்கில் ஓடாமலே இருக்கும். அவரிடம் உள்ள கோளாறு வளராதது இல்லை, அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது. விளையாட்டுச் சாமானைக் கொண்டுவந்து அதைச் சுற்றி ஓர் அலுவலகம் கட்டிவிட்டார். டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கு மாறியதும் அலுவலகத்துக்கு முத்திரையும் வந்துவிடுகிறது.

பழைய முறை எளியது. தண்டவாளத்தில் பூஜ்யத்திலிருந்து 12 வோல்ட் வரை மின்சாரத்தைக் கூட்டினால் வேகம் கூடும், குறைத்தால் குறையும். நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றினால் ரயில் பின்னால் போகும். இரண்டு ரயில்களைத் தனித்தனியாக ஓட்டத்தான் பாதையைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுக்கொரு சுவிட்சு வைக்கவேண்டும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் இதற்கு மாற்று கண்டது. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அதிலேயே ஒன்றும் பூஜ்யமுமாகக் கட்டளைகள் போகும். ஒவ்வோர் இன்ஜினுக்குள்ளும் இருக்கும் டிகோடர் தனக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். 1935-இல் தொடங்கிய அமெரிக்க மாடல் ரயில் சங்கம் 1990களில் இதையே பொதுத் தரமாக்கியது. "ரெண்டே ஒயர் போதும்" என்பது இதன் விளம்பர வாசகம். நம் கனவான் மயங்குவது இந்த வாசகத்தில்தான். ஒரே வட்டத்தில் ஒரே ரயில் ஓடிய பழைய முறைக்கும் அவருக்கு இரண்டே ஒயர்தான் தேவைப்பட்டது என்பதை அவர் யோசிப்பதில்லை. கட்டளை கெடாமல் போய்ச்சேர மூன்றடிக்கு ஒரு ஜோடி ஒயரைத் தண்டவாளத்தில் ஈயம் வைத்துப் பற்றவைப்பது நல்லது என்று படிக்கிறார். பதினெட்டடிப் பாதைக்கு ஆறு ஜோடி, பலகைக்கடியில் அவற்றைச் சேர்க்கும் பிரதான ஒயர் ஒரு ஜோடி. இரண்டாக இருந்தது பதினாலாகிவிட்டது. பலகைக்கடியில் மல்லாந்து படுத்து உருகிய ஈயம் சட்டையில் சொட்டச் சொட்ட வேலை பார்க்கும் அவர் முகத்தில் ஒரு சாந்தி தெரியும். ஒயர் குறையவேண்டும் என்று ஆசைப்பட்டவர் முகமா அது?

அடுத்தது முகவரி இலாகா. கடையிலிருந்து வரும் டிகோடர் எதுவானாலும் அதன் முகவரி 3. புது இன்ஜின் இரண்டை வைத்து ஒன்றை அழைத்தால் இரண்டும் புறப்படும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரவேண்டும். நான்கு இலக்கம் வரை தரலாம் என்றதும் அவருக்குத் தலைகால் புரிவதில்லை. பதினெட்டடித் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் முட்ட நிறுத்தினாலும் இருபதுக்குச் சற்று மேல் இன்ஜின்கள்தான் நிற்கும். அவருக்கோ 9999 வரை வேண்டும். எண் எழுதுவதற்கென்று தனித் தண்டவாளம் வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பதைக் கவனிக்காமல் பிரதான பாதையிலேயே எழுதிவிட்டால், அங்கே நிற்கும் இன்ஜின்கள் அத்தனையும் அதே எண்ணை வாங்கிக்கொள்ளும். ஊர் முழுவதற்கும் ஒரே ரேஷன் கார்டு எண் கொடுத்த தாசில்தாரின் கதிதான். சரியாக எழுதினாலும் இன்ஜின் அசையாது. ஏனென்றால் டிகோடருக்குள் இருக்கும் 29-ஆம் அமைப்பு எண்ணில் நீண்ட முகவரிக்கு அனுமதி தரவில்லை. அந்த எண் ஒரு கூட்டுத்தொகை. வேகப் படிகளுக்கு 2, பழைய மின்சாரத்திலும் ஓடுவதற்கு 4, நீண்ட முகவரிக்கு 32, ஆக 38. இந்த 38-ஐக் கண்டுபிடிக்கும் இரவு அவர் அடையும் ஆனந்தம் ரயில் ஓடும்போது கிடைப்பதில்லை. நோட்டுப் புத்தகத்தில் கோடு கிழித்து, தேதி போட்டு, சிவப்பு மையில் எழுதிவைக்கிறார். இதை விளையாட்டு என்று யார் சொல்வார்கள்?

குழந்தைக்கும் இவருக்கும் உள்ள தூரம் இன்னும் துலக்கமாகத் தெரிவது 3-ஆம், 4-ஆம் அமைப்பு எண்களில். முதலாவது புறப்படும் தாமதம், மற்றது நிற்கும் தாமதம். மூன்றில் 20 என்று எழுதினால் இன்ஜின் முழு வேகம் பிடிக்க ஏறத்தாழ 18 விநாடி ஆகும். காசு கொடுத்து வாங்கிய ரயிலை மேலும் காசு கொடுத்துத் தாமதப்படுத்துகிறார். நான்கிலும் அதே 20-ஐ எழுதிவிட்டு நிறுத்தும் பொத்தானை அழுத்தினால், கனரக வண்டிக்குரிய கம்பீரத்தோடு அது போய்க்கொண்டே இருந்து பலகை ஓரத்தில் முடியும் கிளைப்பாதை வழியாகச் சிமெண்டுத் தரையைச் சேரும். பிறகு விசாரணைக் கமிஷன். உறுப்பினர், சாட்சி, எதிரி மூவரும் அவரே. காசுச் சோதனையும் உண்டு. நம்மூர்ப் பையன்கள் தண்டவாளத்தில் காசு வைப்பது ரயில் ஏறி நசுக்கட்டும் என்று. இவர் 25 சென்ட் நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைப்பது மின்சாரம் நிற்கட்டும் என்று. வைத்தவுடன் தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் தானே அணையவேண்டும். அணையாவிட்டால் ஒயர் போதாது, பலகைக்கடியில் மறுபடியும் மல்லாந்து படுக்கவேண்டும். அணைந்துவிட்டாலோ நம்பமாட்டார், இன்னோர் இடத்தில் வைத்துப் பார்ப்பார்.

எல்லாம் கேலிதானா, நடைமுறைப் பயனே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஒரே பாதையில் நாலுபேர் நாலு ரயிலை ஓட்டும் கிளப்புகளில் சுவிட்சுக் கூட்டத்தை ஒழித்தது இந்த முறைதான். முன்விளக்கு நின்ற இடத்திலும் எரிகிறது, இரண்டு இன்ஜின் சேர்ந்து ஒரு வண்டியை இழுக்கிறது. இதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் நம் கனவானிடம் இருப்பது ஒரு வட்டம், ஓர் இன்ஜின், பார்வையாளராக ஒரு பூனை. ஒயரில் மோகம் கொள்வதும் படிப்புதானே என்று எம்.ஐ.டி.யை இழுப்பவர்களும் உண்டு. 1946-இல் அங்கே தோன்றிய மாடல் ரயில் கிளப்பில் மேசைக்கு மேல் மலையும் வீடும் செய்தவர்கள் ஒரு கட்சி. மேசைக்கடியில் தொலைபேசி ரிலேக்களை இணைத்து ரயிலை இயக்கியவர்கள் இன்னொரு கட்சி. 'ஹேக்கர்' என்ற சொல்லுக்கு இன்றைய கணினிப் பொருள் கிளைத்தது இரண்டாம் கட்சியாரிடமிருந்துதான் என்று ஸ்டீவன் லெவி 1984-இல் புத்தகமே எழுதினார். வாதம் கனமானதுதான். ஆனால் அது என் பக்கமே சாய்கிறது. அவர்களுக்கும் ரயில் ஒரு சாக்குத்தான் என்றல்லவா ஆகிறது! வித்தியாசம் ஒன்றே. அவர்கள் சட்டம் இயற்றியவர்கள். நம்மவர் அதைப் படித்துப் படிவம் நிரப்புகிறவர்.

குழந்தை விளையாடுவதற்கென்றே இந்த வித்தை பயன்பட்டதும் உண்டு. பாடகர் நீல் யங்கின் மகனுக்குப் பெருமூளை வாதம். ரயிலின் சிறிய விசைகளை அவனால் இயக்கமுடியாது. அவனும் ஓட்டவேண்டும் என்று பெரிய பொத்தான் ஒன்றை அழுத்தினாலே போதுமான கருவியை யங் உருவாக்கினார். அந்த ஆர்வமே அவரை லயனல் கம்பெனிக்காகத் தொலைக்கட்டுப்பாடு வடிவமைப்பதில் கொண்டுபோய் விட்டது; 1995-இல் அந்தக் கம்பெனியை வாங்கிய குழுவிலும் அவர் இருந்தார். அங்கே எண்ணும் கணக்கும் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டன, பையன் கைக்கு வந்தது பொத்தான். நம் கனவானின் பேஸ்மென்ட்டில் பொத்தான் ஒளிந்துகொள்கிறது, எண்கள் வெளியே வருகின்றன. கிறிஸ்துமஸுக்கு வந்த பேரன் படியிறங்கி, "ஓடுமா தாத்தா?" என்று கேட்டால், "ஓடுமே!" என்பார். மணியடிக்க ஒரு பொத்தான், ஹாரனுக்கு ஒன்று, எல்லாச் சத்தத்தையும் நிறுத்தப் பாட்டி கண்டுபிடித்துவைத்திருக்கும் எட்டாம் பொத்தான் ஒன்று என்று விளக்குவார். பையன் கை நீளும்போது, "கொஞ்சம் பொறு, நாலாம் எண்ணை மட்டும் மாற்றிவிடுகிறேன்" என்று மூக்குக்கண்ணாடியைத் தேடுவார். பேரன் பூனையோடு விளையாடப் போய்விடுவான்.