மூணாவது கண்ணும் ஒரு ஊக்கும்

ஏலே தம்பி, ஓடாத, நில்லு. பஜார் முக்குல கேமரா தெறப்பு விழாவாமே? போ, போய்ப் பாரு. கலரு சோடா குடுத்தாலும் குடுப்பான். அதுக்கு முன்னால இந்தக் கெழவன் சொல்றதையும் கொஞ்சம் காதுல வாங்கிக்கோ.

கம்பத்த நிமிந்து பாத்தியா? உச்சியில கேமரா ஒரு சாண். அதுக்கு மேல உபயதாரர் போர்டு மூணு முழம். அந்தக் காலத்துல கோயில் டியூப்லைட்டுல வெளிச்சமே வெளிய வராதபடி பேரெழுதிப் போட்டாங்கள்லா, அந்த வம்சம்தான் இது. தாத்தா பேரு விளக்க மறைச்சுது. பேரன் பேரு கேமராவ மறைக்கு. நாளைக்கு ஒருத்தன் சங்கிலி அறுத்துட்டு ஓடுனா என்ன பதிவாகும்? காத்துல ஆடுற போர்டுதான் பதிவாகும்.

மெட்ராஸ்ல இந்தக் கூத்து இன்னும் பெருசு. ஜனம் கூடுற கட்டடத்துல கேமரா வைக்கணும்னு 2012-லயே சர்க்கார் விதி போட்டுது. பெறகு ஏ.கே. விஸ்வநாதன் கமிஷனரா இருந்தப்ப ‘மூன்றாவது கண்’ணுன்னு பேரு வச்சு, 50 மீட்டருக்கு ஒரு கேமரான்னு கெளம்புனாங்க. கடைக்காரங்களும் குடியிருப்புச் சங்கத்துக்காரங்களும் காசு போட்டாங்க. 2020-ல சர்ஃப்ஷார்க்னு ஒரு கம்பெனி உலகத்துப் பெரிய நகரங்கள வரிசைப்படுத்திட்டு, சதுர கிலோமீட்டருக்கு 657 கேமரா, மெட்ராஸ்தான் மொதல்னு சொல்லிச்சு. லண்டன்காரன்கூட நமக்குப் பின்னாலதான். கேக்க நல்லாத்தான் இருக்கு.

என் பேத்தி அங்கதான் வேலை பாக்கா. “இம்புட்டுக் கேமரா இருக்கே, ராத்திரி வேலை முடிஞ்சு தைரியமா வருவியா”ன்னு கேட்டேன். “ஆட்டோவுல ஏறுன ஒடனே நம்பர அம்மாவுக்கு அனுப்பிருவேன் தாத்தா”ன்னா. பாத்துக்கோ. 657 கண்ணு மேல இருந்தும் பிள்ளை நம்புறது அவ ஆத்தாளத்தான்.

கேமராவே வேண்டாம்னு சொல்ற கோட்டிக்காரன் இல்லடே நான். 2016 ஜூன்ல நுங்கம்பாக்கம் ரயில் ஸ்டேஷன்ல வேலைக்குப் போக நின்ன பொண்ண வெள்ளென வெட்டிப் போட்டுட்டு ஒருத்தன் போயிட்டான். ஸ்டேஷன்ல கேமரா கெடையாது. பக்கத்துத் தெருவுல இருந்த கேமராவுல விழுந்த உருவத்த வச்சுத்தான் ஆளத் தேடுனாங்க. அந்த உதவிய நான் கொறச்சுப் பேசமாட்டேன். ஆனா ஒண்ணு. ஸ்டேஷன்லயே கேமரா இருந்திருந்தா மொகம் இன்னும் தெளிவா விழுந்திருக்கும். அந்தப் புள்ள பொழச்சிருக்குமா? பிளாட்பாரத்துல நின்னவங்க கண்ணெல்லாம் தெறந்துதான இருந்துது?

தேர்த் திருவிழாவுல பாத்திருக்கியா நீ? கூட்டத்துக்குள்ள ஒரு பொம்பளைப் போலீசு நிக்கும். கையில ஒரு கொத்து ஊக்கு. கழுத்துல சங்கிலியோட வாரவளா பாத்து நிப்பாட்டும். முந்தானைய இழுத்துத் தோளச் சுத்திப் போட்டு, சங்கிலியையும் சேலையையும் சேத்து ஊக்கக் குத்திவிட்டு, “வீட்டுக்குப் போய்த்தான் கழட்டணும் பாட்டி”ன்னு முதுகுல தட்டி அனுப்பும். அவ்வளவுதான். கரண்டு வேண்டாம், வயரு வேண்டாம், மந்திரி வேண்டாம். கேமரா அறுத்தவன் மூஞ்சியக் காட்டும். ஊக்கு அறுக்கவே விடாது. ஊக்குக்கு எவனாவது தெறப்பு விழா வச்சுப் பாத்தியா?

நான் சொன்னா பட்டிக்காட்டான் பேச்சும்ப. வெள்ளைக்காரன் சொன்னா கேப்பல்லா? பேத்திதான் படிச்சுக் காட்டுனா. டேவிட் ஃபாரிங்டன், பிராண்டன் வெல்ஷ்னு ரெண்டு பேராசிரியருங்க. 2002-ல இங்கிலாந்து உள்துறைக்காக, அதுவரைக்கும் வந்த கேமரா ஆராய்ச்சியெல்லாம் ஒண்ணாப் போட்டு அலசிருக்காங்க. கார் நிறுத்துற எடத்துல கேமரா வச்சா வண்டிக் குத்தம் 41 சதவீதம் கொறஞ்சிருக்கு. சரி, ஊர் நடுவுல, கடைத்தெருவுல? சொல்லிக்கிறாப்புல ஒண்ணுமே இல்லன்னுட்டாங்க.

ஏன்னு நீயே யோசி. வண்டி திருடுறவன் கணக்குப் போட்டுட்டு வாரவன். நாலு பக்கமும் பாப்பான், மேலயும் பாப்பான். கேமரா இருந்தா அடுத்த தெருவுக்குப் போயிருவான். டாஸ்மாக்ல இருந்து எறங்கி வாரவன் எங்கடே மேல பாக்கப் போறான்? அவனுக்குத் தரையே தட்டுப்படல. பஜார்ல பாதி அடிதடி அவன் போடுறதுதான்.

அதே ரெண்டு பேரும் அதே வருசம் தெருவிளக்கையும் ஆராஞ்சிருக்காங்க. விளக்க நல்லாப் போட்ட எடத்துல குத்தம் 20 சதவீதம் கொறஞ்சிருக்கு. நம்ம மார்க்கெட் பின்பக்கச் சந்துல பல்பு ஃபீஸ் போயி எத்தன நாளாச்சு? கேட்டா மனு குடுங்கங்கான். அந்த இருட்டுச் சந்துலயும் இப்பக் கேமரா மாட்டிட்டான். இருட்ட நல்லாப் பதிவு பண்ணி வைக்கட்டும்.

ஒடனே, “தாத்தா திண்ணைக்கு வாராரு, பழைய காலமே சொர்க்கம்பாரு”ன்னு நீ நெனைக்க. நான் ஏன் சொல்லப் போறேன்? அமெரிக்காவுல ஜேன் ஜேக்கப்ஸுன்னு ஒரு அம்மா 1961-லயே புத்தகம் எழுதி, தெருவுல நாலு கண்ணு இருந்தாத்தான் தெரு பத்திரம்னு சொல்லிட்டா. நெசந்தான். பூக்காரி கடையெடுக்கிற வரைக்கும் அந்த முக்குல பிள்ளைக பயமில்லாம நிக்கும். ஆனா திண்ணைக் கண்ணு லேசுப்பட்டதில்லடே. எந்தப் பொண்ணு எவன்கூடப் பேசுனா, என்ன சாதிக்காரன்னு வீடு வரைக்கும் வந்து போட்டுக் குடுக்கும். கேமராவுக்கு வாய் இல்லன்னு நம்ம பிள்ளைக நிம்மதியா இருந்துச்சு. இப்ப அதுக்கும் வாய் வந்துட்டு. கடை கேமராவுல பதிஞ்சது சாயங்காலம் வாட்ஸப்புல சுத்துது. அத எடுத்துக் குடுத்தது யாரு? கேள்வி கேக்க நாதி உண்டா?

கடைசியா ஒண்ணு கேளு, இதுல சிரிப்பு இல்ல. சாத்தான்குளம், 2020 ஜூன். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோன அப்பனும் மகனும் உசுரோட வீடு திரும்பல. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டு என்ன எழுதுனாரு தெரியுமா? ஸ்டேஷன்ல கேமரா இருந்துது. ஹார்டு டிஸ்க்குல எடமும் தாராளமா இருந்துது. ஆனா அன்னன்னைக்குப் பதிவு தானா அழியுற மாதிரி செட் பண்ணி வச்சிருந்தாங்க. அந்த வருசம் டிசம்பர்லயே சுப்ரீம் கோர்ட்டு, நாட்டுல உள்ள எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா வைக்கணும், படத்தோட சத்தமும் பதியணும், 18 மாசம் அழியாம வச்சிருக்கணும்னு சொல்லிட்டு. 2025-லயும் அதே கோர்ட்டு, ஸ்டேஷன் கேமரா ஏன் ஓடலன்னு தானா வழக்கு எடுத்துக் கேக்க வேண்டி வந்துது. தெருவுல நீ மூக்கு நோண்டுனது நாளைக்கும் இருக்கும். லாக்கப்புக்குள்ள நடந்தது விடிஞ்சா இல்ல. வேலி பயிர மேயுற எடத்துல மட்டும் கண்ணு மூடிக்கிடும், பாத்தியா?

சரி, நேரமாச்சு, நீ போ. அடுத்த வாரம் நம்ம தெருவுக்கும் ரசீது புக்கத் தூக்கிட்டு வருவாங்க, கேமராவுக்கு நன்கொடைன்னு. நீதான வீட்டுல படிச்சவன், வாசல்லயே நிறுத்திக் கேளு. இத ராத்திரி பூரா உக்காந்து பாக்கப் போற ஆளு யாரு? பதிவு எத்தன நாள் இருக்கும்? எலி வயரக் கடிச்சா காசு யாரு குடுப்பா? பதிவ வெளிய விட்டவன யாரு புடிப்பா? ஸ்டேஷனுக்குள்ள உள்ள கேமரா ஓடுதா? இதுக்கெல்லாம் பதில் வந்தா நூறு ரூவாய்க்கு எரநூறாக் குடு. வரலன்னா, அந்தக் காசுக்கு மொதல்ல மார்க்கெட் சந்துல ஒரு பல்பு போடச் சொல்லு. ரிப்பன் வேணும்னா நானே வாங்கித் தாரேன்.