சாவி தர மாட்டேன் என்கிறார் வீட்டுக்காரர்!

கேள்வி: பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வீடு. 11 மாத அக்ரிமெண்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. இப்போது வந்து, "சவுதியிலிருந்து மகன் வர்றாம்மா, வீடு இல்லை" என்கிறார் வீட்டுக்காரர். விடலாமா?
– வாசகி, அன்னவாசல்

பதில்: மகன் வருவது நல்ல சேதிதான். கையெழுத்துப் போட்ட அன்றைக்கும் அவருக்கு அதே மகன் இருந்தானே!

வீட்டைக் குடியிருக்க ஒப்படைப்பது உரிமையாளர் கடமை என்கிறது 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவு. 'சொன்னபடி வீட்டைக் கொடு' என்று சிவில் கோர்ட்டில் கேட்கலாம். ஆனால், வாய்தா வாங்கி வாய்தா வாங்கித் தீர்ப்பு வருவதற்குள் அந்த 11 மாதமே முடிந்துவிடும். அதனால் வீட்டை விடுங்கள், பணத்தைப் பிடியுங்கள்.

அட்வான்ஸோடு நிற்காதீர்கள். புரோக்கர் கமிஷன், சாமான் ஏற்றிய வண்டி வாடகை என்று அவர் பேச்சு மாறியதால் நேராக வந்த நஷ்டத்தைக் கேட்க 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு இடம் தருகிறது. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். மன உளைச்சலுக்கு யாரும் ரசீது தருவதில்லை. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. அட்வான்ஸைத் திருப்பும்போது, 'இனி பாக்கி எதுவும் இல்லை' என்று எழுதிய தாளை நீட்டி, "சும்மா ஒரு கையெழுத்தும்மா" என்பார். அந்தச் சும்மாவுக்குத்தான் விலை அதிகம். கணக்குத் தீராமல் போடாதீர்கள். அசல் அக்ரிமெண்டையும் கொடுத்துவிட வேண்டாம். முதலில் தேதியும் தொகையும் குறித்து, ஒப்புகையோடு தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. வழக்குப் போடும் முன்பே லோக் அதாலத்தில் பேசி முடிக்கவும் வழி இருக்கிறது.

கேள்வி: "அக்ரிமெண்டா? நான் எப்போ போட்டேன்?" என்கிறாரே ஓனர்?

பதில்: பக்கத்துச் சித்தன்னவாசல் மலைக்கு அழைத்துப் போங்கள். துறவிக்குக் கற்படுக்கை செய்து கொடுத்தவர், 2,000 ஆண்டுகளுக்கு முன்பே தன் பெயரைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார். நமக்குப் பாறை வேண்டாம். எழுத்தில் ஒப்பந்தம், வாடகை அதிகாரியிடம் பதிவு: 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் இதைத்தான் கேட்கிறது. இரண்டு சாட்சிக் கையெழுத்தும் இருந்தால் ஓனருக்கு ஞாபகம் தானாக வரும்.

கேள்வி: குடிவந்த பிறகு, காலி செய்யச் சொல்லி கரண்டைப் பிடுங்கினால்?

பதில்: அதே சட்டம் அதைத் தடுக்கிறது. வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். பூட்டுப் போட்டு வெளியேற்றியே விட்டால், ஆறு மாதத்துக்குள் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஏழாவது மாதம் போனால் அந்தச் சுருக்கு வழி அடைபட்டுவிடும்.

கேள்வி: ஒத்திக்கு 3 லட்சம் கொடுத்து 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிக்கொண்டேன். வீட்டை விற்கப்போகிறாராம்!

பதில்: 3 லட்சத்துக்கு 20 ரூபாய் காவலா? 100 ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தியையே பதிவு செய்தாக வேண்டும். பதியாத ஒத்தி வில்லங்கச் சான்றில் வராது. வீட்டை வாங்குகிறவர் கண்ணிலும் படாது. விற்பதற்கு முன் அவரைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போங்கள். வர மறுத்தால் அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: நானே பின்வாங்கினால்?

பதில்: அந்த 73-வது பிரிவு வீட்டுக்காரருக்கும் சொந்தம்தான். எத்தனை மாத நோட்டீஸ் என்று உங்கள் அக்ரிமெண்டில் எழுதியிருக்கிறதா? இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.